மழைக்கு முந்தி கிளம்புகிறவர்

கண்டிக்கு நான் தூண்டில் புழுவாகப் போனேன். போய் இறங்கிய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

தேவகி தொலைபேசியில் அழைத்தது வேறு மாதிரி. "இந்தச் சித்திரைக்கு எங்க ஊருக்கு வா செல்வி. ரோட்டோரமெல்லாம் பூத்துக் கிடக்கு, குயில் கத்துது, லீவு சேர்ந்தாப்ல வருது. அங்க இருந்து என்ன செய்யப்போற, வெயில்ல வத்தல் காயப்போடப் போறியா?"

கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் எனக்கும் அவளுக்கும் ஒரே அறை. இலங்கை மலையகத்திலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்தவள் அவள். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள் நான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில், என்னுடைய அப்பாவும் அம்மாவும் வெடி ஆலையில். இரண்டு குடும்பத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நாங்கள்தான். அதனால் யார் பெரிய ஆள் என்று சண்டை வந்தால் எப்போதும் சமமாகத்தான் முடியும்.

பாஸ்போர்ட்டில் மட்டும் அவள் ஒரு படி மேலே இருந்தாள், இந்தப் பயணத்தால் அதுவும் சமமாயிற்று. எங்கள் வம்சத்தின் முதல் பாஸ்போர்ட் என்னுடையது. பூச்சி அரிக்கக் கூடாது என்று அம்மா அதை அரிசிப் பானைக்குள் வைத்துக் காத்தாள். கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி அதைப் புரட்டியபோது இரண்டு அரிசி மேசையில் விழுந்தன. அவர் அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலை நிமிர்ந்தே நின்றேன்.

கண்டியில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கியபோது நல்ல வெயில். ஆனாலும் எங்கள் ஊர் வெயிலோடு ஒப்பிட்டால் அது வெயிலுக்குத் தம்பி. வழியெல்லாம் இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்த மரங்கள். ஊர் முழுக்கப் பண்டிகைக்குத் துணி வாங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் தேவகி என்னைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த கணம் என் பையை மேலும் கீழும் பார்த்தாள்.

"குடை எங்க?"

"இந்த வெயிலுக்கா? நான் என்ன பணக்காரி வீட்டுப் பிள்ளையா, வெயிலுக்குக் குடை பிடிக்க?"

"வெயிலுக்கில்ல. பின்னேரம் தெரியும்."

கைபேசியிலும் மேகமும் மின்னலும் போட்ட படம் வந்திருந்தது. எங்கள் ஊரில் சித்திரை மாதத்து மேகம் என்றால் அந்தப் படம் மட்டும்தான். அதனால் நான் அதை நம்பவில்லை. ஒரு சைவக் கடையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். பாண் என்றால் நம் ரொட்டிதான், ஆனால் ஒரு செங்கல் அளவுக்கு. சம்பலில் உறைப்பு மண்டைக்கு ஏறியது. மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தால், வானத்தைக் காணோம்.

மழை எங்கள் ஊரில் வருவதென்றால் காற்று வரும், புழுதி வரும், மண்வாசம் வரும், கடைசியில் மழை மட்டும் வராது. இங்கே முன்னறிவிப்பே இல்லை. கவிழ்த்துக் கொட்டியது. குடை வைத்திருந்தவர்கள் குடைக்குள் நடந்தார்கள். நான் ஒருத்திதான் ஒரு நகரத்துக்கே வேடிக்கைப் பொருளாக நனைந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். தேவகி சிரித்தாள்.

"என்ன சொல்றார்?"

"‘நங்கி, அதான் தங்கச்சி, வெளியூரா, இல்ல ஆத்துல விழுந்துட்டாவா?’ங்கிறார்."

தேவகி இப்போது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கண்டிக்குள்ளேயே மஹய்யாவவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். கீழே வீட்டுக்காரி சரோஜா அக்கா. கணவரை இழந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ பிள்ளை, தலையைத் துடையுங்கோ முதல்ல" என்று அவர் துவாயை நீட்டினார். அதோடு என் கூச்சமும் போய்விட்டது.

மேலே இரண்டு அறை. ஒன்றில் தேவகியின் பாயும் புத்தகங்களும் ஓர் அலுமாரியும். இன்னொன்றில் பெரிய மரக்கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லை.

"எனக்கா?" என்றேன், பூரித்துப்போய்.

"ஒனக்குப் பாய். இது அப்பாவுக்கும் அம்மாவுக்கும்."

அப்போதுதான் கதை வெளியே வந்தது. தேவகியின் அப்பா கருப்பையா டவுனுக்கு வராதவர் அல்ல. பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருவார், கண் காட்ட வருவார். மகள் வீட்டில் மத்தியானம் சோறு சாப்பிடுவார். கை கழுவியதும் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார். "மழை வரும்போல இருக்கே. மழைக்கு முந்தி கிளம்பணும்." போய்விடுவார். மகள் இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை.

"இந்த ஊர்ல பின்னேரம் மழை வராத நாள் எது? அதான் அவருக்கு வசதியாப் போச்சு" என்றாள் தேவகி. "கூட வேலை செய்ற டீச்சர்மார்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், வருசப் பிறப்புக்கு அப்பா அம்மா எங்கூடத்தான்னு. இந்தத் தடவையும் வந்த காலோட திரும்பிட்டார்னா, நான் இந்த வீட்ட விட்டுட்டு ஒரு ரூம் எடுத்துக்கிறேன். எனக்கு எதுக்கு ரெண்டு ரூம்?"

விளையாட்டாகச் சொல்லவில்லை.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"இந்தியாவுலேர்ந்து விருந்தாளி வந்திருக்கு. ஒன்னயப் பார்க்காம இருக்க முடியுமா அவரால?"

புழுவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் அம்மா நான் இருக்கும் கோயம்புத்தூருக்கு வராததற்கு வைத்திருக்கும் காரணம், பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றுகிறது என்பது. ஆலைக்கு அவள் தினமும் பஸ்ஸில்தான் போகிறாள்.

மறுநாள் பன்விலவுக்குப் போனோம். பஸ்ஸில் பாட்டுச் சத்தம் எங்கள் ஊர் மினி பஸ்ஸைத் தோற்கடித்தது. படியில் தொங்கிய நடத்துநர் ஓயாமல் ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டிருந்தார். தேவகி மொழிபெயர்த்தாள்: "உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால ஒரு கல்யாணமே வைக்கலாம்." பின்னால் ஒரு பூனை நிற்க இடம் இல்லை.

மலை ஏற ஏறத் தேயிலை. நடுநடுவே முள்முருங்கை சிவப்பாகப் பூத்திருந்தது. தோட்டத்தில் அன்றைக்கே லீவு தொடங்கிவிட்டதால் லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வெள்ளையடிப்பும் பாட்டுமாக இருந்தது. கருப்பையா அப்பா ஏணியில் நின்று சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே இறங்கி வந்தார். மீசையிலும் நீலம்.

"வாங்க பாப்பா, வாங்க. இந்தியாவுலேர்ந்து இம்புட்டுத் தூரம் தனியாவா வந்தீங்க?"

"பாஸ்போர்ட் எடுத்து வந்தேன்ப்பா" என்றேன். கேட்காமலே அதை எடுத்தும் காட்டினேன். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கி, என் படத்தைப் பார்த்து, "போட்டோவுல ஏன் இவ்வளவு கோவம்?" என்றார்.

பிளேன்டீ குடித்துக்கொண்டே தேவகி தூண்டிலைப் போட்டாள். செல்வி வந்திருக்கிறாள், நாளைக்கு எல்லோரும் கண்டியில் இருக்கலாம், வருசப் பிறப்பும் அங்கேயே. அவர் என்னைப் பார்த்தார். மறுக்க முடியவில்லை.

"வந்துர்றோம். மத்தியானம் சாப்பிட்டுட்டு மழைக்கு முந்தி கிளம்பிர்றோம்."

"ராத்திரி தங்கினா என்னாப்பா?"

"மருத்து நீர் யாரு வைக்கிறது? லயத்துல நம்ம வீட்டாளுக எல்லாம் நான் வச்சிவிடணும்னு நிப்பாங்க. கோயில்ல சொன்னாங்க, நேரம் பொறக்க விளக்கு வைக்கிற பொழுது ஆயிருமாம். அதுக்குள்ள நான் இங்க இருக்கணும்."

மருத்து நீர் எங்கள் ஊரில் இல்லாத வழக்கம். வருசம் பிறக்கும் புண்ணிய காலத்தில், மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய நீரைக் குடும்பத்தில் மூத்தவர் இளையவர்களின் தலையில் வைத்துவிடுவார். தலையில் ஓர் இலை, காலடியில் ஓர் இலை. பிறகு குளியல், புதுத்துணி. நேரத்தைப் பஞ்சாங்கம் சொல்லும்.

தேவகி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். அவள் அம்மா மாரியாயி அடுப்படியில் என் காதருகே வந்தார்.

"அவருக்கு அங்க வந்தா கையையும் காலையும் எங்க வைக்கிறதுன்னு தெரியாது பாப்பா. ஒரு கதிரையப் போட்டு உக்கார வச்சி, ‘சும்மா இருங்கப்பா, சும்மா இருங்கப்பா’ங்கிறா. பாசந்தான். ஆனா சும்மா இருந்து பழக்கமில்லாத மனுசன். எவ்வளவு நேரந்தான் ரோட்டப் பார்த்துக்கிட்டு இருப்பாரு?"

அதை நான் தேவகியிடம் சொல்லியிருக்க வேண்டும். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டதால் சொல்ல வழியில்லாமல் போனது. பஸ் கூரை ஒழுகியது. பயணிகள் கலவரப்படாமல் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்தார்கள். முன்னால் இருந்த அம்மா தன் குடையின் பாதியை என் தலைமேல் நகர்த்தினார். அவர் குடைக்கம்பியிலிருந்து சொட்டிய நீர் நேராக என் கழுத்துக்குள் இறங்கியது. நன்றி என்றேன்.

அடுத்த நாள் காலையிலேயே இருவரும் வந்துவிட்டார்கள். அவர் தோளில் ஒரு பலாப்பழம், குழந்தை கனத்தில். சரோஜா அக்காவுக்கு வணக்கம் சொன்னார், கட்டிலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "ஒசரமா இருக்கே. உருண்டு விழுந்தா கீழ்வீட்டுக்கே போயிரலாம்" என்றார். தேவகி கதிரையை இழுத்துப் போட்டாள். "சும்மா இருங்கப்பா. பலாப்பழத்த நான் வெட்டிக்கிறேன்." அவர் உட்கார்ந்தார். ரோட்டைப் பார்த்தார். மாரியாயி அம்மா என்னைப் பார்த்தார்.

அன்று ஊருக்குப் போகும் பஸ்கள் சீக்கிரமே நின்றுவிடும். வண்டி ஓட்டுகிறவர்களும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக வேண்டுமே. பின்னேரத்துக் கடைசி பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. ஆக, எங்கள் திட்டம் எளிது. சாப்பாட்டை இழுத்தடிப்பது, மழை வருவது, பஸ் போவது. வாழ்க்கையில் முதல் முறையாக நானும் மழைக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, பாயசம் எல்லாம் முடிந்தது. வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. தேவகி என்னையும் இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய் ஃபாஹிமாவுக்குப் போன் போட்டாள். ஃபாஹிமா அதே பள்ளிக்கூடத்து ஆசிரியை, வீடு மடவளையில். பன்விலவுக்குப் போகிற வழியில் இருப்பதால் அவள்தான் எங்கள் வானிலை நிலையம்.

"அங்க மழையா?"

"இல்ல புள்ள, சுள்ளுனு வெயில். உம்மா உடுப்பெல்லாம் காயப் போட்டீக்கா."

"கறுப்பாவாவது இருக்கா?"

"கறுப்பா எங்கட காக்கா ஒண்டுதான் மதில்ல ஈக்கு. எனத்துக்கு இப்பிடிக் கேக்கிறாய்? மழக்கி யாரும் காசு கட்டி ஈக்கிறீங்களா?"

கைபேசியில் அன்றும் மேகமும் மின்னலும் போட்ட அதே படம். அதை அறைய வேண்டும் போலிருந்தது.

கருப்பையா அப்பா கை கழுவினார். பழக்கத்தில் சன்னலை எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு மழையும் இல்ல. நல்லதாப் போச்சு. கிளம்புறோம்" என்றார். தேவகி மீதிப் பாயசத்தை ஒரு போத்தலில் ஊற்றத் தொடங்கினாள். பாதி வெளியே கொட்டியது. அவர் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல் செருப்பைத் தேடினார்.

அப்போது மாடிப்படியில் சரோஜா அக்காவின் குரல்.

"எங்கே போறியள்? நேரம் பிறந்திட்டுது!"

கையில் ஒரு செம்பு. கோயிலிலிருந்து வாங்கிவந்த மருத்து நீர்.

"இல்லையே, விளக்கு வைக்கிற பொழுதுன்னு எங்க கோயில்ல..." என்றார் கருப்பையா அப்பா.

"அது உங்கட கோயிலின்ர பஞ்சாங்கம் ஐயா. இஞ்ச மற்றப் பஞ்சாங்கம், அதில கொஞ்சம் முந்தி. இந்த நாட்டில வருசம் ரெண்டு நேரத்துக்குப் பிறக்கிறது உங்களுக்குத் தெரியாதே?"

நான் என் கைபேசியைப் பார்த்தேன். அது மூன்றாவதாக ஒரு நேரத்தைச் சொன்னது. அவசரமாக உள்ளே வைத்தேன்.

சரோஜா அக்கா செம்பைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு சற்று மெதுவாகச் சொன்னார்: "ஐயா, ஒரு உதவி. இந்த வீட்டில மூத்த ஆள் ஒருத்தரும் இல்லை. போன வருசம் எனக்கு நானே வச்சனான். தனக்குத் தானே வைக்கிறதும் ஒரு வைப்போ? பின்னறையில ரெண்டு நர்ஸ் பிள்ளையள் லீவு கிடைக்காமல் நிக்கினம். அதுகளுக்கும் ஆருமில்லை. நீங்கள் வச்சுவிட்டிட்டுப் போங்கோ."

"நானா?" என்றார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். "நான் இங்க வந்த ஆளு..."

"நீங்கள்தான் இஞ்ச மூத்தவர்."

அவர் மாரியாயி அம்மாவைப் பார்த்தார். மாரியாயி அம்மா கூரையைப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து உதவி வராது என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றினார்.

அதன் பிறகு அவர் வேறு ஆள். கைபேசியை வாங்கித் தம்பிக்குப் பேசினார்: "டேய், லயத்துல நீயே வச்சி விட்ரு. எனக்கு இங்க வேலையிருக்கு." அந்த ‘வேலையிருக்கு’ முற்றம்வரை கேட்டது. கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். கிழக்குப் பக்கம் எது என்று கேட்டார், கேட்டதை நம்பாமல் சூரியனைப் பார்த்து அவரே முடிவு செய்தார். "தேவகி, சும்மா நிக்காத, இலையக் கொண்டா. அது தலைக்கு, இது காலுக்கு. டீச்சருக்கு இதுகூடத் தெரியல. பாப்பா, நீங்க செம்பப் பிடிங்க."

சரோஜா அக்கா முதலில் உட்கார்ந்தார். கருப்பையா அப்பா தலையில் இலையை வைத்து, மருத்து நீரைத் தொட்டு வைத்து, "நல்லா இருங்கம்மா" என்றார். அக்கா எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அடுத்து நர்ஸ்கள். எதிர்வீட்டில் புதிதாகக் கல்யாணமான ஒரு சோடி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அங்கிள், நாங்களும் வரலாமா?" என்றது. அவர்கள் பின்னால் இன்னும் யார் யாரோ. "லைனா வாங்க, லைனா வாங்க. தேயில நிறுக்கிற எடத்துல தள்ளுற மாதிரி தள்ளக் கூடாது" என்று அதட்டினார்.

என் முறை வந்தது. மஞ்சளும் பாலும் ஏதோ கசப்பு இலையும் கலந்த வாசம் நெற்றியில் வழிந்தது.

"நல்லாரு பாப்பா. அடுத்த தடவ குடையோட வா."

கடைசியில் தேவகி. அவள் உட்கார்ந்தாள். அவர் இலையை வைத்தார், நீரை வைத்தார். நல்லா இரு என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அவள் தலையில் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எந்த பஸ் என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனை பேருக்கும் ஒரே குளியலறை. யார் முதலில் என்று வரிசை முற்றத்தைச் சுற்றியது. அப்போதுதான் மழை வந்தது, நாளெல்லாம் எங்கோ போய்விட்டு வந்த மருமகன் மாதிரி அட்டகாசமாக. நர்ஸ்கள் இரண்டு பேரும் வரிசையை விட்டு முற்றத்தின் நடுவில் போய்த் தலையைக் கொடுத்தார்கள். நானும் ஓடினேன், இந்த முறை வேண்டுமென்றே. "இடி விழப்போகுது பிள்ளையள், உள்ளுக்கு வாங்கோ!" என்று கத்திக்கொண்டே சரோஜா அக்கா பாதி நனைந்தார்.

வருசப் பிறப்புக் காலையில், சிங்களவர்கள் அடுப்பு மூட்டும் சுப நேரத்தில், மலை மலையாக ஒரே நேரத்தில் வெடி வெடித்தது. நான் பாயிலிருந்து துள்ளி எழுந்தேன். எங்கள் ஊரில் எதிர்பாராமல் வெடிச் சத்தம் கேட்டால், எந்த ஆலை என்று கேட்டுக்கொண்டு பெண்கள் ஓடுவார்கள். அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது அவளும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

"அங்க என்னடி சத்தம்? எந்தப் பக்கம்?"

"பண்டிகைம்மா. எல்லாரும் நல்லா இருக்காங்க."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "நல்ல ஊரா?" என்றாள். "நீ வந்து பார்" என்றேன். தலை சுற்றும் என்றாள்.

பின்வீட்டுச் சிங்கள அம்மா தட்டு நிறையக் கொக்கிஸ் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊர் அச்சு முறுக்கின் பெரியம்மா அது. ஃபாஹிமா ஸ்கூட்டரில் வட்டிலப்பம் கொண்டுவந்தாள், தேங்காய்ப்பாலில் செய்த இனிப்பு. மாரியாயி அம்மா பொங்கலைப் பரிமாறிக்கொண்டே, வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும், "மத்தியானத்துக்கு மேல பார்த்துக்கலாம்" என்று பத்திரமாக மூடி வைத்தார்.

அன்று ஓரிரு பஸ் ஓடும் என்று ஃபாஹிமா சொன்னாள். தேவகி எழுந்து, அப்பாவின் பையில் மிச்சப் பலாச்சுளையை வைத்தாள், கொக்கிஸை வைத்தாள், துவைத்து மடித்த வேட்டியை வைத்தாள். அவர் எதையும் தடுக்கவில்லை. கீழே சரோஜா அக்காவின் கொடிக்கம்பி அறுந்து கிடந்ததை எழுந்த உடனே கட்டிக் கொடுத்திருந்தார், அடுத்ததாகத் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதையும் கவனித்திருந்தார். பொங்கலைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். வழக்கம்போல் சன்னலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தார்.

தேவகி பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

மலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. நேற்று நான் அவ்வளவு வெறுத்த அதே நீல வானம். அவர் அதை நிதானமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நன்றாகப் பார்த்தார்.

"மழை வரும்போல இருக்கே" என்றார். "இன்னைக்குப் போறது சரிப்படாது."

அவர் என் பக்கம் திரும்பி, "என்ன பாப்பா, ஒங்க போன்ல என்னா சொல்லுது?" என்றார்.

நான் எங்கள் வீட்டில் முதலில் படித்தவள். கைபேசியை எடுத்து, படிப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"ஆமாப்பா. கனத்த மழையாம்" என்றேன்.